எண்ணெய்க் கழிவு

இரத்தினபுரியில் மழைக்கு அவசரமே கிடையாது. காலையில் தொடங்கிய மழை, நாள் சம்பளக்காரன் வேலை செய்வதுபோலக் கூடாமலும் குறையாமலும் பெய்துகொண்டிருந்தது. அவசரமெல்லாம் வாகனக் கம்பெனியின் சேர்விஸ் நிலையத்தில், கண்ணாடி அறைக்குள், உட்கார்வதும் எழுவதுமாக இருந்த அழகமுத்துவுக்குத்தான்.

அவர் கொழுந்து வாங்குகிறவர். பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டம். அதன் கீழ்க்கணக்கு என்ற பிரிவில் தேயிலையைத் தோட்டக் கம்பெனி குடும்பத்துக்கு இவ்வளவு செடி என்று பிரித்துக் கொடுத்திருந்தது. அங்கே பறிக்கிற பச்சைக் கொழுந்தை ரோட்டோரத்தில் நிறுத்து வாங்கி, தன் கெப் வண்டியின் பின்தட்டில் ஏற்றி, பெக்டரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். கொழுந்து பொறுமையான சரக்கல்ல. சாக்குக்குள் சூடேறினால் சிவந்துவிடும். சிவந்தால் பெக்டரிக்காரன் முகமும் சிவந்துவிடும். போதாததற்கு, இரண்டு மாதமாக அதே பாதையில் ஸப்ரி என்பவர் ஒரு லொறி விட்டிருந்தார். அழகமுத்து ஒரு நாள் பிந்தினால் அன்றைய கொழுந்து ஸப்ரிக்கு. இரண்டு நாள் பிந்தினால் கொழுந்து கொடுக்கிற ஆட்களே ஸப்ரிக்கு.

கெப் புதிது. லீசிங்கில் எடுத்தது. வெளியே எங்காவது சேர்விஸ் செய்தால் வொரண்டி போய்விடும் என்று விற்கும்போதே சொல்லியிருந்தார்கள். அதனால்தான் விடியலுக்கு முன்பே இறங்கி வந்து இந்தக் குளிர்காற்றில் விறைத்துக்கொண்டிருந்தார்.

"பொட்டக் இன்ன, சேர்," என்றான் மேசைக்குப் பின்னால் டை கட்டியிருந்த இளைஞன். கொஞ்சம் இருங்கள் என்று பொருள். எட்டு மணிக்கும் அதைத்தான் சொன்னான். பதினொரு மணிக்கும் அதையே சொன்னான். அந்தக் கொஞ்சத்துக்கு அளவே இருக்கவில்லை.

அழகமுத்துவின் போன் அடித்தது. மனைவி சுகந்தினி.

"எங்க இருக்கீங்க?"

"இன்னும் கண்ணாடிக் கூட்டுக்குள்ளதான்."

"கொழுந்து ரோட்டுக்கு வந்துருச்சு. இராஜம் அக்கா மூட்டை மேல உக்காந்துக்கிட்டு ஸப்ரி லொறி வர்ற திருப்பத்தையே பாத்துக்கிட்டு இருக்கு."

"இராஜம் அக்காவ எப்படியாச்சும் புடிச்சு வையி. பேச்சுக் குடு. அது போனா பின்னாலயே அத்தன பேரும் போயிருவாங்க."

"நான் என்ன பேச்சுக் குடுக்க? அது பேச ஆரம்பிச்சா நான்தான் ஸப்ரி லொறியில ஏறி ஓடணும்."

போனை வைத்தபோது டை கட்டியவன் விசைப்பலகையில் கைவைத்தபடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து சிங்களத்தில் பேசியவன், இப்போது தமிழில் கேட்டான்.

"சேர் பலாங்கொடைப் பக்கமா?"

"தமிழ் தெரியுமா? அடப்பாவி, காலையிலேருந்து 'மஹத்தயா மஹத்தயா'ன்னு சிங்களம் பேசி என் நாக்கு சுளுக்கிப் போச்சு. வண்டி எப்ப வரும்?"

அவன் பில்லை அச்சடித்து நீட்டினான். அழகமுத்து கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். மேலிருந்து கீழே போன விரல் ஓரிடத்தில் நின்றது.

"என்ஜின் ஒயில் ஏழு லீட்டரு. இது என்ன வெல தம்பி? தலைக்குத் தேய்க்கிறதா?"

"கம்பெனி ஒயில் சேர்."

"எந்தக் கம்பெனியோ. பசார்ல கருவாடு வாங்கினாக்கூட வெலையில கழிவு உண்டு. இதுல கழிவு எங்க?"

"இங்க கழிவு இல்ல சேர். எல்லாம் பிக்ஸ்ட் வெல."

பசாரில் பிக்ஸ்ட் என்று எழுதிப் போட்டிருக்கும் கடையில்தான் அழகமுத்து அதிகம் குறைத்து வாங்குவார். நூற்றுக்கு இருபது வீதம் என்று தொடங்கினார். இளைஞன் தலையாட்டவில்லை. இந்த இடத்தில் எழுந்து நடக்க வேண்டும். கடைக்காரன் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். அதுதான் முறை. எழுந்து வாசல்வரை நடந்தும் விட்டார். அப்போதுதான் வண்டிச் சாவி மேசையின் அந்தப் பக்கம் கிடப்பது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பதினஞ்சு."

"சேர், எனக்கு அந்த அதிகாரம் இல்ல."

"தம்பி, மேல கொழுந்து வேகுது. என் வயிறும் வேகுது. பத்துப் போட்டு முடிச்சு விடு."

இளைஞன் மறுபடி அவரை ஒருமுறை பார்த்தான். பிறகு எதையோ தட்டினான். வேறு பில் வந்தது. ஒயிலுக்கு நேரே பத்து வீதக் கழிவு. அழகமுத்துவுக்குக் காலையிலிருந்து முதல் முறையாக உடம்பு சூடேறியது.

"இன்னொரு கழிவும் வேணும்," என்றார். "எடுத்த பழைய ஒயில ஒரு சொட்டு விடாம கான்ல ஊத்திக் குடுங்க. கொழுந்துக் கொட்டில் கம்பையெல்லாம் கறையான் திங்குது. பூசினாத்தான் நிக்கும்."

"கழிவு வாங்கினதா இதுல ஒரு கையெழுத்து வைங்க சேர்."

அழகமுத்து எழுத்தைப் பார்க்கவில்லை, மணியைப் பார்த்தார். கையெழுத்து வைத்தார்.

மேலே வந்து சேர்ந்தபோது பாதிக் கொழுந்து ஸப்ரியோடு போயிருந்தது. மீதிப் பாதி இராஜம் போகாததால் நின்றது. அவள் ஏன் போகவில்லை என்று யாருக்கும் தெரியாது. கால் வலி என்றாள். ஆனாலும் அழகமுத்து சோர்ந்துபோகவில்லை. மூட்டைகளை ஏற்றியபடியே, கம்பெனிக்காரனைக் கண்ணாடி அறைக்குள் வைத்து மடக்கிப் பத்து வீதம் பிடுங்கிய கதையைச் சொன்னார். பெக்டரியில் கிளார்க்கிடம் சொன்னார். திரும்பும் வழியில் தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ குடித்தபடி சொன்னபோது பத்து வீதம் பன்னிரண்டாகியிருந்தது.

மறுநாள் விடியற்காலை மழை விட்டு மலைமேல் நல்ல வெளிச்சம். சுகந்தினி அடுப்பில் ரொட்டியைப் போட்டுவிட்டு, கொட்டிலுக்குப் போய் கானைத் திறந்தாள். துணிப் பந்தால் கம்பங்களுக்குப் பூசுவதற்காகப் பழைய தகரத்தில் ஊற்றப் போனவள், கானைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். அது ஐந்து லீட்டர் கான். கழுத்துவரைகூட நிறைந்திருக்கவில்லை.

"ஏங்க, இவ்வளவுதான் குடுத்தாங்களா?"

"ஒரு சொட்டு விடாம வாங்கிட்டு வந்திருக்கேன். கான்ல ஊத்துறப்ப முன்னாலயே நின்னு பாத்தேன்."

"ஏழு லீட்டர் ஊத்தினதா நேத்து ஊரெல்லாம் சொன்னீங்களே. வெளிய வந்தது நாலரைகூட இல்லையே."

"ஓடுற வண்டி குடிச்சிருக்கும்."

"குடிச்சிருக்குமா? நீங்கதானே தெனம் காலையில பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி போயி குச்சிய உருவிப் பாக்குறீங்க? ஒரு நாளாவது கோட்டுக்குக் கீழ எறங்கியிருந்துச்சா?"

அது உண்மை. புது வண்டி வந்த நாளிலிருந்து அழகமுத்துவுக்கு அது காலைப் பூசை மாதிரி. எழுந்து போய் மூடியைத் திறந்து அளவுக் குச்சியை உருவினார். துடைத்துவிட்டு மறுபடி செருகி உருவினார். எண்ணெய் மேல் கோட்டில், என்றும் நிற்கிற அதே இடத்தில் நின்றது.

"நாலரை எடுத்தாங்க, நாலரை ஊத்தினாங்க," என்றாள் சுகந்தினி, ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. "மிச்சம் எங்க?"

அழகமுத்து குச்சியைச் செருகி மூடியைப் போட்டுவிட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"ஊத்தாத எண்ணெய்க்கு வெல பேசி, அதுல பத்து வீதம் கழிவும் வாங்கிட்டு வந்திருக்கீங்க. இந்தப் பக்கத்துல இப்படி ஒரு யாவாரி இருக்கிறது ஸப்ரிக்குத் தெரியாமப் பாத்துக்கங்க."

அழகமுத்து ரொட்டியைப் பிய்த்தார், கட்டச்சம்பலைத் தொட்டார், வாயில் வைக்காமல் எழுந்தார். வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். விற்றவன் ஏமாற்றியது ஒரு புறம் இருக்கட்டும். தேத்தண்ணிக் கடையில் அவரே தன் வாயால் அதை ஒரு வெற்றியாகச் சொல்லி வைத்திருந்தார். விஷயம் வெளியே தெரிந்தால், தராசுக்கு முன்னால் நிற்கிற ஒவ்வொருத்தியும் சிரித்துக்கொண்டே மூட்டையை ஸப்ரி பக்கம் நகர்த்துவாள்.

"போறேன்," என்றார்.

"போங்க. ஆனா வண்டி இங்க நிக்கட்டும். நீங்க பிந்தினா பக்கத்து வீட்டுக் கன்னையா அண்ணன ஓட்டச் சொல்லிக் கொழுந்த அனுப்பிருவேன். இன்னைக்கும் விட்டா எல்லாம் முடிஞ்சுரும்."

எனவே அழகமுத்து கானைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். காலடியில் வைத்ததும் மூக்கைப் பிடித்த நடத்துநர், சிங்களத்தில் என்ன அது என்று கேட்டார். 'தெல்' என்றார் அழகமுத்து. சிங்களத்தில் தெல் என்றால் எண்ணெய், பெற்றோலும் அதே தெல்தான் என்பதால் முன் ஆசனத்துப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"கழிவு ஒயில்தான்," என்றார் அழகமுத்து. "கொடுத்த இடத்துக்கே கொண்டுபோறேன்."

நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்தபடி, கழிவைத் திருப்பிக் கொடுக்கப் பஸ்ஸுக்குக் காசு செலவழிக்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்ப்பதாகச் சொன்னார். பஸ் சிரித்தது. இரத்தினபுரிவரை வளைவுக்கு வளைவு கான் நகர, அழகமுத்து இரண்டு காலாலும் அதை இறுக்கிப் பிடித்திருந்தார்.

கண்ணாடி அறையில் அதே இளைஞன்தான் இருந்தான். அழகமுத்து கானை அவன் மேசைமேல் வைத்தார். கறுப்பு வளையம் ஒன்று மேசையில் பதிந்தது.

"இதுல நாலரைதான் இருக்கு. பில்லுல ஏழு இருக்கு. வித்தியாசத்த நீ குடிச்சியா, ஒங்க மெனேஜர் குடிச்சாரா?"

அவன் கானைத் தூக்கிக் கீழே வைத்தான். மேசையைத் துடைத்தான். பிறகுதான் பேசினான்.

"நேத்து நீங்க கையெழுத்து வச்சிருக்கீங்க சேர்."

"கழிவுக்கு வச்சேன்."

"எதுக்குக் கழிவு? ஏழு லீட்டருக்கு. வெலையில கொறைக்கச் சொன்னா அளவ ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். ஏழான்னு ஒரு வார்த்தை நேத்து நீங்க கேக்கவே இல்லையே."

அழகமுத்துவுக்கு அது உறைத்தது. முப்பது வருஷப் பேரத்தில் விலையைத் தவிர வேறொன்றையும் அவர் கேட்டதில்லை.

"மெனேஜரக் கூப்பிடு."

"பின்னேரம்தான் வருவாரு. பொட்டக் இருந்தீங்கன்னா..."

"மறுபடி பொட்டக்குன்னு சொன்னா இந்தக் கான இங்கயே கவுத்துருவேன்."

இளைஞன் சுற்றுமுற்றும் பார்த்தான். அடுத்த மேசைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். குரலைத் தாழ்த்தினான்.

"கவுக்காதீங்க மாமா. தொடைக்கிறது நான்தான்."

"மாமாவா?"

"நான் கீழ்க்கணக்கு. இராஜத்தோட மகன், விதுர்ஷன்."

அழகமுத்து அவன் முகத்தில் இராஜத்தைத் தேடினார். டைக்கு மேலே, தாடையில் இருந்தாள்.

"நீ கொழும்புல வேலைன்னுதானே அக்கா சொன்னாங்க?"

"அம்மா எல்லார்ட்டயும் கொழும்புன்னுதான் சொல்லும். இரத்தினபுரின்னா எடுபடாதாம்."

"ஒங்கம்மா பேர நேத்து போன்ல சொன்னேன். அப்பவே ஆளத் தெரிஞ்சுதா ஒனக்கு?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏழு போட்டிருக்க."

"ஏழு நான் போடல மாமா. இந்தச் சாதி வண்டிக்கு ஏழுன்னு கம்பியூட்டர்ல போட்டு வச்சிருக்கு. உள்ள ஊத்துறவன் வண்டிக்கு வேணுங்கிறத ஊத்துவான், பில்லு ஏழாத்தான் வரும். தெரிஞ்ச ஆளுன்னுதான் பத்து வீதம் குடுத்தேன். மத்தவங்க அழுதாலும் அஞ்சுக்கு மேல இல்ல."

அழகமுத்துவுக்கு இது இன்னும் கசந்தது. மடக்கிப் பிடுங்கியது என்று நினைத்திருந்ததும் அவருடைய சாமர்த்தியத்தால் வந்ததில்லை. இராஜத்தின் பேருக்கு வந்தது.

"இது களவுடா."

"இருக்கலாம். போன மாசம் எங்க பக்கம் ஒரு துளி மழை இல்ல. அம்மா கொழுந்துல தெனமும் தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சிருக்கீங்க. காயிற வெயில்ல எங்கேருந்து மாமா தண்ணி?"

நனைந்த கொழுந்தில் தண்ணீரின் எடை ஏறும். அதற்கென்று நிறுவையில் கொஞ்சம் கழிப்பது கொழுந்துத் தொழிலில் உள்ளதுதான். வெயிலிலும் கழிப்பது அழகமுத்துவின் சொந்தச் சேர்க்கை.

"அது வழக்கம்டா. பெக்டரியில என்கிட்டயும்தான் கழிக்கிறாங்க. அதையும் இதையும் போட்டுக் கொழப்பாத."

"கொழப்பல. வெல பேசுறேன்."

அழகமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தப் பாஷை அவருக்குப் புரிந்தது.

"சொல்லு."

"ஏழுக்குக் காசு கட்டியிருக்கீங்க. ஊத்தினது போக மிச்சம் ஒங்களோடது. யாரும் கேக்கிறதில்ல. எல்லாரும் கழிவத்தான் கேப்பாங்க, மிச்சத்தக் கேக்கமாட்டாங்க. நான் ஸ்டோர்ல சொல்லி, சீல் ஒடைக்காத டின்னுல எடுத்துத் தர்றேன். பில்லோட தர்றேன், களவா இல்ல."

"பதிலுக்கு?"

"மழை இல்லாத நாள்ல அம்மாவுக்குத் தண்ணி கழிக்கக்கூடாது. நான் சொன்னேன்னும் சொல்லக்கூடாது. சொன்னா, கொழும்புல இருக்கிறவன நீங்க எங்க கண்டீங்கன்னு கேக்கும் ஊரு."

"ஒரு கிலோ கழிச்சுக்கிறேன்."

"மாமா."

"சரி, விடு. ஒன்னும் கழிக்கல."

டின்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தான். கறுப்புக் கானையும் மறக்காமல் கையில் மாட்டிவிட்டான்.

வெயில் கொளுத்தியது. திரும்புகிற பஸ் பெல்மதுளையில் ஆள் சேர்க்க நின்றபோது அழகமுத்து இரண்டுமுறை இறங்கி ஏறினார். சுகந்தினிக்குப் போன் எடுத்தார். ஸப்ரி இன்னும் வரவில்லை என்றாள். அடுத்த போனில், கீழ்ச் சந்தியில் ஸப்ரியின் ஹோன் கேட்டதாகச் சொன்னார்கள் என்றாள். பஸ்ஸிலிருந்து குதித்து முச்சக்கரவண்டி பிடித்து அவர் மேலே வந்து சேர்ந்தபோது, பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியபடி கொட்டில் நிழலில் நின்றிருந்தார்கள். சுகந்தினி தராசைத் தொங்கவிட்டிருந்தாள்.

"மிச்சம் கெடைச்சுது," என்று பையைக் காட்டினார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. அவள் புருவம் உயர்ந்தது.

முதல் மூட்டை எப்போதும் இராஜத்தினுடையது. அழகமுத்து தூக்கி மாட்டினார். முள் ஆடி நின்றது.

"இருபத்தி நாலு," என்றார்.

இராஜம் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார்.

"அப்புறம்?" என்றாள் இராஜம்.

"அப்புறம் என்ன? இருபத்தி நாலு. எறக்குறேன்."

"தண்ணிக்கு?"

"வெயில்தானே அக்கா. தண்ணி எங்க இருக்கு?"

இராஜம் திரும்பித் தன் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். அவர்கள் தராசைப் பார்த்தார்கள்.

"மொதலாளி, நேத்து முழுக்க டவுன்ல இருந்தீங்க. இன்னைக்கும் காலையிலேருந்து டவுன்ல இருந்தீங்க. தராசுல ஏதும் வேல செஞ்சுட்டு வந்தீங்களா?"

"தராசு இங்கதான் அக்கா இருந்துச்சு. நான்தான் போனேன்."

"அப்ப எதுக்குக் கழிக்கல? நீங்க மூணுன்னு சொல்லுவீங்க, நான் பத்ரகாளி ஆவேன், நீங்க ரெண்டுக்கு வருவீங்க. அப்பத்தான் எனக்கு என் கொழுந்து எவ்வளவுன்னு நம்பிக்கை வரும். சும்மா இருபத்தி நாலுன்னா, உள்ளுக்கு இருபத்தி ஏழு இருக்குன்னுதானே அர்த்தம்?"

"சத்தியமா இருபத்தி நாலுதான்."

"சத்தியம் வேற பண்றாரு," என்றாள் பின்னால் ஒருத்தி. "கட்டாயம் ஏதோ இருக்கு."

இராஜம் தராசிலிருந்து மூட்டையைத் தானே கழற்றினாள். ரோட்டின் அந்தப் பக்கம் ஸப்ரியின் லொறி வந்து நின்றது. அங்கேயும் ஒரு தராசு தொங்கியது. அவள் மூட்டையைத் தலைக்கு ஏற்றினாள். மற்றவர்களும் குனிந்து தங்கள் சாக்கைப் பிடித்தார்கள்.

ஏன் கழிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையில் அவள் மகனின் கொழும்பு இரத்தினபுரியாகிவிடும். அழகமுத்து சுகந்தினியைப் பார்த்தார். அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றார். "நில்லுங்க. காலையில பனி இருந்துச்சு இல்ல. ரெண்டு கிலோ தண்ணிக்கு."

இராஜம் நின்றாள். மூட்டையோடு மெதுவாகத் திரும்பினாள்.

"ரெண்டா? இந்த வெயில்லயா? ஒங்க கண்ணு அவிஞ்சு போச்சா? கையி விட்டுப் பாருங்க, அப்பளமாட்டம் காஞ்சு கெடக்கு."

"சரி, ஒன்னு."

"கால்."

"அரை. அதுக்கு மேல முடியாது. எனக்கும் புள்ள குட்டி இருக்கு."

"அரை," என்றாள் இராஜம். அவள் முகம் தெளிந்திருந்தது. மூட்டையை அவரிடம் கொடுக்காமல், கெப்பின் பின்பக்கத்துக்கு நடந்து, தானே ஒரே வீச்சில் உள்ளே எறிந்தாள்.

அடுத்தவள் வந்து தன் சாக்கைத் தராசில் மாட்டினாள். முள் இன்னும் நிற்கவில்லை.

"எனக்கும் அரைதான், இப்பவே சொல்லிட்டேன்," என்றாள்.